நாகஜோதி வீட்டு வானிலை

சித்திரை மாதம், உச்சிப்பொழுது, காக்கைகூட நிழலை விட்டு நகராத வெயிலில், பூவரசேந்தல் என்கிற ஊரில், நாகஜோதி வீட்டு அடுப்படியில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து வெள்ளையாக நின்றது. அவள் மாமியார் ராக்கம்மாள் தலைக்கு வைக்கப் பாட்டிலைக் கவிழ்த்தாள், தட்டினாள், குலுக்கினாள், ஒரு சொட்டு விழவில்லை.

"சித்திரை மாசத்துல எண்ணெய் உறைஞ்சு கெடக்கு. வீட்டுக்குள்ள மார்கழியை எவ தொறந்துவிட்டது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பாட்டிலைக் கொண்டுபோய் வாசல் வெயிலில் வைத்துவிட்டு, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

நாகஜோதி அப்போது அடுப்படித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள் கவின்மதி, மகள் மடியில் ஒரு பெரிய புத்தகம். கவின்மதி சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்ளும் பிள்ளை. பூனையைக் காட்டியும் ஊட்டியாயிற்று, பஸ்ஸைக் காட்டியும் ஊட்டியாயிற்று, எதற்கும் வாய் திறக்காத பிள்ளைக்குப் படம் காட்டிப் பார்ப்போம் என்றுதான் பஞ்சாயத்து ஆபீஸை ஒட்டியிருக்கும் நூலகத்துக்குப் போனாள். அங்கே கதைப் புத்தகம் எல்லாம் அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போய், எந்தெந்த வீட்டுப் பரணிலோ கிடக்க, யாருமே தொடாமல் புதுக்கருக்கு அழியாமல் இருந்தவை உள்ளதை உள்ளபடி சொல்லும் புத்தகங்கள்தான். எரிமலை எப்படி வெடிக்கிறது, நிலாவில் என்ன இருக்கிறது, நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது என்று தடிதடியாக ஓர் அலமாரி முழுக்க இருந்தன. அதில் பெங்குவின் படம் போட்டதை எடுத்துவந்தாள்.

பிள்ளை ஒரு வாய் வாங்கினால் மெல்லுவதற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று படத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை நாகஜோதி படித்தாள். பனிக்கண்டத்துப் பெங்குவினில் பெட்டை முட்டையிட்டுவிட்டுக் கடலுக்கு இரை தேடப் போய்விடும், சேவல்தான் முட்டையைத் தன் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு, குளிர்காலம் முச்சூடும் வாயில் ஒன்றும் போடாமல், நின்ற இடத்திலேயே நிற்கும் என்று போட்டிருந்தது. ஒரு தடவை கவின்மதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனதற்கு, திரும்பி வருவதற்குள் போனுக்கு மேல் போன் போட்ட தன் புருஷன் காளீஸ்வரனை நினைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனாள், அடுத்த பக்கத்துக்குப் போனாள், சோறு கையிலேயே காய்ந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஆனால் அங்கே புத்தகம் என்றால் பரீட்சை, பரீட்சை முடிந்தால் புத்தகம் பழைய பேப்பர்காரருக்கு. யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை என்று தெரிந்தே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வதில் இப்படி ஒரு ருசி இருக்கும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அந்த ருசியில் அவள் இருந்தபோதுதான் அடுப்படிக்குள் பனிக்கண்டம் வந்து உட்கார்ந்து, எண்ணெய் உறைந்தது.

மறுநாளும் உறைந்தது. அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு இருந்த தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஜோதி, நீ பாட்டுக்குப் படி, நான் பாட்டுக்கு இப்படி ஓரமா உக்காந்துக்கிறேன்" என்றாள். பிள்ளை அன்றுதான் அழாமல் தூங்கியது. பிறகு பால்காரர் கேனைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார், தயிர் புளிக்காமல் இருக்கக் கீழத்தெருப் பெண்கள் சட்டி சட்டியாகக் கொண்டுவந்தார்கள், டீக்கடைக்காரர் வெறும் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் குச்சி சொருகிக் கொண்டுவந்து ஐஸாக்கி எடுத்துப்போனார். ஏன் இப்படி ஆகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கு என்ன படிக்கிறாள் என்று மட்டும் கேட்டார்கள். கூப்பிடு தூரத்துக்குத்தான் அது எட்டும். அதனால் அவள் வீட்டுப் பக்கத்தில் ஆட்டைக் கட்டவும் வண்டியை நிறுத்தவும் போட்டியாக இருந்தது.

எரிமலை படித்த வாரம் தெருவே வெந்நீரில் குளித்தது. ஆழ்கடல் படித்தபோது சுவரெல்லாம் உப்புப் பூத்து, ஊறுகாய்க்கு உப்பு வாங்கும் வேலை மிச்சமானது. நிலாவைப் பற்றிய புத்தகத்தை அவள் எடுத்தபோது, அங்கே எடையெல்லாம் ஆறில் ஒரு பங்குதான் என்று வாசித்த நிமிஷத்தில், குடிதண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் நிறைகுடத்தைத் தூக்கினால் வெறுங்குடம் மாதிரி வந்தது. இடுப்புக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று துள்ளித் துள்ளிப் போனார்கள். கோழிகள் ஒரே எட்டில் கூரைக்கு ஏறிக்கொண்டு இறங்க மறுத்தன. நிலாவில் காற்றே கிடையாது என்று அடுத்த பக்கம் சொன்னது. பிள்ளை குட்டி இருக்கிற தெரு என்று நாகஜோதி அந்தப் பக்கத்தை மட்டும் மெதுவாகத் தாண்டிப்போனாள்.

இப்படி நல்லவிதமாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பூவரசேந்தல் கண்மாய்ப் பாசனத்து ஊர். இருக்கிற தண்ணீரைச் சண்டையில்லாமல் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது அந்த ஊருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். இன்று மேலமடை, நாளை கீழமடை என்று யார் வயலுக்கு எப்போது என்பதை நீர்பாய்ச்சி சோணைமுத்து சொல்வார். அவர் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. கண்மாய் காய்ந்து கிடந்ததால் அவருக்கு வேலையும் இல்லை. ஊர்க்கூட்டம் போட்டார்கள். நாகஜோதி படிப்பதை எல்லாத் தெருவுக்கும் முறை வைத்து விடுவது என்று முடிவானது.

நாகஜோதிக்கு சோணைமுத்து சின்ன மாமா முறை. அவரிடம் அவளால் மறுத்துப் பேச முடியவில்லை.

"நானாத்தான் சின்னமாமா படிக்கிறேன், எப்ப என்ன தோணுதோ அதை" என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

"ஒஞ் சௌகரியத்துக்கு ஒரு கொறையும் வராது தாயி. நீதான படிச்சுக் காட்டுன, அந்தப் பெங்குவின் பறவைகூடக் கூட்டமா ஒட்டி நின்னுக்கிட்டு, நடுவுல இருக்க கதகதப்பான எடத்துக்கு மாறி மாறிப் போகுமாம்ல. பறவைக்கே முறை இருக்கு, நமக்கு வேணாமா?"

அவர் நேர்மையான மனிதர். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "இன்னைக்கு கீழத்தெரு. குளிர் கேக்குறாங்க." அவள் பெங்குவினை எடுப்பாள். "இன்னைக்கு மேலத்தெரு. வடகம் போட்டிருக்காங்க, பாலைவனம்." பெங்குவினை வைத்துவிட்டுப் பாலைவனத்தை எடுப்பாள். எந்தத் தெரு முறையோ அந்தத் தெருவில் கட்டிலைப் போட்டு அவளை உட்காரவைத்து, "சத்தம் போடாதீங்க, அது படிக்கட்டும்" என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். படித்த பக்கத்தையே மறுபடி படித்தாள். ஒட்டகம், மணல்மேடு, மணல்மேடு, ஒட்டகம். முதலில் குளிர் குறைந்தது. அப்புறம் பானைத் தண்ணீர் அளவுக்குத்தான் குளிர்ந்தது. அப்புறம் அதுவும் இல்லை. எழுத்து எழுத்தாகவே நின்றது, கண் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது, பரீட்சைக்கு முந்தின நாள் வாயில் ஊறும் கசப்பு அவளுக்கு மறுபடியும் ஊறியது.

ஊர் கொஞ்ச நாள் முனகிவிட்டு விட்டுவிட்டது. "ஊத்து தூந்துபோச்சு" என்றார்கள். தண்ணீர் வற்றுவதைப் பார்த்துப் பழகிய ஊர், பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஐப்பசியில் மழை வந்தது, கண்மாய் நிறைந்தது, சோணைமுத்துவுக்கு நிஜமான வேலை வந்தது, நிலத்தில் மிளகாய் போட்டார்கள்.

நாகஜோதிதான் விட முடியாமல் தவித்தாள். பாத்திரம் விளக்கிக் கவிழ்த்த பிறகு, பிள்ளை தூங்குகிற அந்த அரை மணி நேரத்தில், யாருக்கும் தெரியாமல் ஒரு புத்தகத்தைப் பிரிப்பாள். சிலந்தி, மின்னல், கண்ணாடி செய்யும் விதம் என்று எதைப் பிரித்தாலும் இரண்டாம் வரிக்குள் ஒரு குரல் வந்து நிற்கும்: இது யாருக்கு, இதனால் யாருக்கு என்ன காயும், என்ன குளிரும்? மூடி வைத்துவிடுவாள். எண்ணெய் உறையாமல் போனதற்கு அவளுக்கு வருத்தமில்லை. தனக்கென்று இருந்த ஒரே ஒரு ருசி நாக்கிலிருந்து போய்விட்டதே என்பதுதான் வருத்தம். புருஷனிடம் சொன்னாள். "அதுக்கென்ன, டிவி பாரு" என்றான். தங்கமான மனிதன், சரக்கு வண்டி ஓட்டுகிறவன், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பங்குனி வந்தது. மிளகாய் பழுத்தது. குண்டு குண்டாக, சிவப்பு என்றால் கண் கூசும் சிவப்பு. பறித்துக்கொண்டுவந்து ஊர்க்களத்தில் வீட்டுக்கு ஒரு பத்தியாக விரித்தார்கள். விரித்த மறுநாள், எந்தப் பங்குனியிலும் இல்லாத வழக்கமாக, வானம் கருக்கலிட்டுக்கொண்டது. பெரிய மழை பெய்துவிட்டுப் போனாலும் தேவலை. அதுவோ போவேனா என்று தூறிக்கொண்டே நின்றது. மிளகாயை விரித்தால் நனைந்தது, தார்ப்பாயைப் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துப் புழுங்கியது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கிடந்தால் சிவப்பு வெளுத்து, பூசணம் பிடித்து, ஒரு வருஷத்துப் பாடு குப்பைக்குப் போகும்.

ஊர் மொத்தமும் நாகஜோதி வீட்டு வாசலில் நின்றது. அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அவள் பத்தியும் அங்கேதான் கிடக்கிறது, பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுக் குனிந்து குனிந்து பறித்தவளும் அவள்தான். பாலைவனப் புத்தகத்தை நூலகத்திலிருந்து வாங்கிக்கொண்டு களத்துக்குப் போய், நடுவில் ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து, தலைக்கு மேல் பஞ்சவர்ணம் குடை பிடிக்க, வாய்விட்டுப் படித்தாள். மணல்மேடு. படித்தாள். பகலில் கொளுத்தும், இரவில் குளிரும். படித்தாள். தூறல் அதுபாட்டுக்குத் தூறியது.

"உள்ள வச்சுக்கிட்டே இல்லங்கிறா" என்றாள் பஞ்சவர்ணம், குடையை நகர்த்தாமலே.

"என்னத்தடி வச்சுக்கிட்டா? எம் மருமக என்ன வெயிலை மடியில முடிஞ்சா வச்சிருக்கா?" என்றாள் ராக்கம்மாள். அவள் தன் வீட்டுப் பத்தியின் ஓரத்தில், தார்ப்பாய் பறக்காமல் இருக்க அதன் மேலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். முறை வைத்துப் படித்த நாட்களில் ஒருநாளும் ராக்கம்மாள் கேட்க வந்தவளில்லை. ஆடு, வயல், வீடு என்று இருந்தவள், எழுத்துப் படிக்கத் தெரியாதவள், மருமகள் படிப்பதை வேலைக்கள்ளித்தனம் என்றே சொல்லிக்கொண்டிருந்தவள். இன்றைக்கு மிளகாயை விட்டு நகர முடியாததால், காதில் விழுவதைக் கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது.

நாகஜோதி அடுத்த பக்கத்தைப் படித்தாள். "ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு."

"இந்தா, நிறுத்து" என்றாள் ராக்கம்மாள்.

நாகஜோதி நிமிர்ந்தாள்.

"தண்ணி இல்லையா? திமிலுக்குள்ள தண்ணிய வச்சுக்கிட்டுத்தான அது நடக்கும்? ஊரே அப்படித்தான சொல்லுது."

"இல்லையாம்த்தை. கொழுப்பாம்."

"எவன் சொன்னது?"

"அறுத்துப் பார்த்தவங்க சொல்லிருக்காங்க."

கொஞ்ச தூரத்தில் நின்ற சோணைமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தண்ணீர் விவகாரத்தில் அந்த ஊரில் அவரைக் கேட்காமல் யாரும் பேசியதில்லை. "அதெப்படி தாயி? கொழுப்பைக் குடிக்க முடியுமா? மதினி கேக்குறது சரிதான். அப்ப தண்ணிய எங்க வச்சுக்கிடுது?"

"ஒங்களத்தான் கொழுந்தனாரே கேக்கணும், நீங்கதான நீர்பாய்ச்சி" என்றாள் ராக்கம்மாள். களத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நாகஜோதியும் சிரித்தாள். சிரித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: ஆமாம், தண்ணீரை எங்கே வைத்துக்கொள்கிறது? இத்தனை தடவை வாசித்த பக்கம், கண்ணால் வாசித்தாளே தவிர அவளுக்கும் அது தெரியவில்லை. வெயிலுக்காக இல்லாமல், மிளகாய்க்காக இல்லாமல், மாமியார் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பார்க்க, வெடுக்கென்று பக்கத்தைப் புரட்டினாள்.

"அது தண்ணிய சேத்து வைக்கிறதவிட, செலவழிக்காம இருக்குதாம்த்தை. லேசுல வேர்க்காதாம். பகல்ல ஒடம்புச் சூட்டை ஏற விட்டுருமாம், ராத்திரிக் குளிர்ல ஆறிக்கிருமாம். அப்புறம் பாருங்க, நம்ம மூச்சு விட்டா ஈரமும் சேந்து போகுதுல்ல? அது மூக்குக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு இருக்குதாம். வெளிய போற மூச்சுல இருக்க ஈரத்தை அங்கயே பிடிச்சு, உள்ளயே வாங்கிக்கிருமாம்."

சோணைமுத்து மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். "மூச்சுல போற தண்ணியக்கூட மடை போட்டு மறிச்சிருதா?" என்றார், யாரிடமும் இல்லாமல். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆயுசுக்கும் நான் வாய்க்கால்ல விட்டதுலயே பாதி மண்ணு குடிச்சிருச்சு. அடேயப்பா. மேல படி தாயி."

"மூக்கு கெடக்கட்டும். வெயில்ல கண்ணுக்குள்ள மணலு போகாதா?" என்றாள் ராக்கம்மாள்.

"எமை ரெண்டு வரிசையாம்."

"எங்க, படத்தைக் காட்டு."

படத்தைக் காட்டினாள். ராக்கம்மாள் புத்தகத்தைக் கையில் வாங்கி, ஒட்டகத்தின் முகத்தை விரலால் தடவி, "மையெழுதுன மாதிரில்ல இருக்கு" என்றாள். பஞ்சவர்ணம் குடையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். கூட்டம் நெருங்கியது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களை உட்காரச் சொன்னார்கள். இவ்வளவு பெரிய பாரம் தூக்குகிறதே, மணலில் கால் புதையாதா என்று ஒருவர் கேட்டார், கோபம் வந்தால் என்ன செய்யும் என்று ஒருத்தி கேட்டாள். நாகஜோதி பக்கம் பக்கமாகத் தேடிச் சொன்னாள், சில கேள்விக்குப் பதில் இருந்தது, சில கேள்விக்கு இல்லை. இல்லாததற்கு அவர்களே சண்டை போட்டு ஒரு பதில் வைத்துக்கொண்டார்கள்.

முதலில் ஆவி கிளம்பியது ராக்கம்மாள் உட்கார்ந்திருந்த தார்ப்பாயிலிருந்துதான். அவள் கவனிக்கவில்லை, சூடு தாங்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். பிறகு சோணைமுத்துவைச் சுற்றி ஈரமண் வெளுத்தது. பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். களத்துக்கு வெளியே, கருவேல மரத்துப் பக்கம், தூறல் அதே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. களத்துக்குள்ளே சுள்ளென்று, மணல் வாசத்தோடு, ஒரு பாலைவனம் ஆள் ஆளாகப் பற்றிக்கொண்டு பரவியது. அது நாகஜோதியிடமிருந்து மட்டும் வரவில்லை. வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருத்தரிடமிருந்தும் அடுப்பு அனல் மாதிரி வந்தது. யாரோ நினைவு வந்து தார்ப்பாயை இழுத்தார்கள். கால் பட்ட இடத்தில் மிளகாய், உள்ளே விதை குலுங்க, கலகலவென்று சத்தம் போட்டது.

"அள்ளுங்க, அள்ளுங்க" என்று நாலு பேர் எழுந்தார்கள். ராக்கம்மாள் எழவில்லை. "அடுத்த பக்கத்துல என்ன?" என்றாள்.

நாகஜோதி அடுத்த பக்கத்தைத் தனக்குள் வாசித்துவிட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். "இது இப்ப வேணாம்த்தை. இதுல ஒரு வண்டு வருது. கடல் பக்கத்துப் பாலைவனத்துல விடியக்காலப் பனிமூட்டத்துல அது என்னமோ பண்ணுது. படிச்சேன்னா பனி எறங்கிரும், மிளகாய் போயிரும்."

"வண்டு என்ன பண்ணுது?"

"மூட்டையைக் கட்டுங்க, சொல்றேன்."

பூவரசேந்தலில் மிளகாய் அவ்வளவு வேகமாக எந்தக் காலத்திலும் மூட்டையானதில்லை. அள்ளி, அமுக்கி, சாக்கைத் தைத்து, வண்டியில் ஏற்றி, வீடு சேர்த்து, பூட்டிவிட்டு, வியர்க்க விறுவிறுக்க எல்லாரும் களத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நாகஜோதி படித்தாள். அந்த வண்டு மணல்மேட்டில் ஏறி, தலையைக் கீழே வைத்து, பின்பக்கத்தைக் காற்றுப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்குமாம். பனி அதன் முதுகில் துளியாகி உருண்டு உருண்டு வாய்க்கே வந்து சேருமாம். வெள்ளையாகப் பனி இறங்கி, களத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் எல்லாம் தலையைக் கீழே வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்து நின்றார்கள். பனி விலகியபோது பார்த்தால், அந்த வரிசையின் கோடியில், வேட்டியை இறுக்கிச் சொருகிக்கொண்டு சோணைமுத்துவும் நின்றார்.

"வருதா கொழுந்தனாரே?" என்று ராக்கம்மாள் கேட்டாள்.

"ரெண்டு சொட்டு வந்துச்சு மதினி" என்றார்.

அதற்குப் பிறகு முறை வைக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சோணைமுத்துவே நூலகத்துக்குப் போய்க் கிணறுகளைப் பற்றிய புத்தகம் கேட்டார். பஞ்சவர்ணம் எறும்பு எடுத்தாள், டீக்கடைக்காரர் ரயில் எஞ்சின் எடுத்தார். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டே புத்தகத்தை முன்னுக்கு நகர்த்தினார்கள். ஊருக்குள் ஒரே வானிலை என்பது இல்லாமல் போனது. மேலத்தெருவில் கரிப்புகை, கீழத்தெருவில் அலைச்சத்தம், பால்காரர் குடையும் சால்வையும் இல்லாமல் கிளம்புவதில்லை. யாருக்கு எது வேண்டும் என்று கேட்டுப் படித்தால் வருவதில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வந்ததை வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் மத்தியானம், பாத்திரம் விளக்கிக் கவிழ்த்துவிட்டு, நாகஜோதி நூலகத்திலிருந்து புதிதாக எடுத்துவந்த ஒரு புத்தகத்தோடு அடுப்படித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அட்டை கறுப்பாக இருந்தது, தலைப்புகூட மங்கிப்போயிருந்தது. ராக்கம்மாள் இடுப்பில் பேத்தியும் கையில் துவைத்த துணி வாளியுமாக வாசலில் வந்து நின்றாள்.

"ஏத்தா ஜோதி, துணியைக் கொடியில போடவா, இல்ல உள்ள வைக்கவா? இன்னைக்கு வெயிலா, மழையா?"

"தெரியலத்தை. இப்பத்தான் பிரிக்கிறேன்."

ராக்கம்மாள் கொடியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். வாளியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, படி. என்னதான் வருதுன்னு பாப்போம்."